பொடிச்சாளை

ஆடி பிறந்து ஆறு நாளாகியும் சாரல் எட்டிப் பார்க்கவில்லை. மேகம் மலைமேல் வந்து உட்காரும், காற்று ஒரு பாட்டம் அடிக்கும், மேகம் எழுந்து கிழக்கே போய்விடும். ஐந்தருவியில் கடை போட்டவர்கள் நேந்திரங்காய் வற்றலை மூட்டை மூட்டையாக வைத்துக்கொண்டு ஆளில்லாத ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டைக்கு மேற்கே கணவாய் ரோடு இறங்கும் வளைவில், புளியமரத்தடியில் டி.வி.எஸ். வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த சங்கரேஸ்வரிக்கு வானத்தைத் திட்டக்கூடத் தெம்பில்லை. முட்டி வலித்தது. வண்டியின் பின்சீட்டில் கட்டியிருந்த காலி மீன்பெட்டி காற்றில் கடகடத்தது.

பதினாலு வருஷமாக அவள் மீன்காரி. புருஷன் இசக்கிப்பாண்டி குட்டியானை வண்டியில் கொல்லத்துக்குத் தெற்கே கடற்கரையில் மீன் ஏற்றி, மலையேறி இறங்கி, விடிந்தவுடன் இந்த வளைவுக்கு வருவான். அவள் தனக்கு வேண்டியதை இறக்கிக்கொண்டு வடகரை வரைக்கும் தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானம் வீடு சேருவாள். விற்பதில் பெரும்பாலும் மத்தி என்கிற சாளைதான். நெய்மீனும் விளமீனும் வாங்குகிறவர்கள் தென்காசிக்குப் போய் ஏ.சி. கடையில் வாங்கிக்கொள்வார்கள். வயலில் குனிகிறவர்களுக்கும் செங்கல் சுமக்கிறவர்களுக்கும் சாளைதான் மீன்.

சாளை வாங்குவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெட்டியில் கையை விட்டு ஒரு மீனை எடுத்துத் தன் நடுவிரலோடு சேர்த்து வைத்துப் பார்ப்பாள். விரலைவிடக் குட்டையாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தொடமாட்டாள். அது, குஞ்சு மீன் பிடிக்கக் கூடாது என்ற சட்டம் தெரிந்து வந்த பழக்கமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு ஆடியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வளராத பொடிச்சாளையை அள்ளி அள்ளி விற்றாள். அந்த ஐப்பசியில் கடலில் சாளையே இல்லாமல் போய், மூன்று மாசம் வண்டி திண்டாடியது. அதிலிருந்து விரல் அளவு. "அளவுக்காரி வந்துட்டாடோய்" என்று கடற்கரையில் இருந்து வடகரை வரைக்கும் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

இன்றைக்கு மட்டும் அவளுக்குச் சாளை வந்தே ஆகவேண்டும். வடகரையில் தில்லைநாயகம் பிள்ளை வயலில் நடவு முடிகிற நாள். பிள்ளை வீடு சைவம். மீன் வாசம் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. ஆனாலும் அவர் அப்பா காலத்திலிருந்தே கடைசிப் பாத்தி நட்டு முடிந்த அன்று நடவுக்காரிகளுக்குத் தென்னந்தோப்பில் மீன்குழம்புச் சோறு உண்டு. அரிசியும் தேங்காயும் புளியும் வீட்டிலிருந்து வரும். மீனுக்கென்று ஒரு தனி அண்டா பம்புசெட் அறையிலேயே வருஷம் முழுக்கக் கவிழ்ந்து கிடக்கும். அந்த அண்டாவுக்கு மீன் கொடுப்பது சங்கரேஸ்வரிதான். நடவுக் கூட்டத்துக்குத் தலைவி முப்பிடாதியம்மாள், இசக்கியின் உடன்பிறந்த அக்கா. "ஏட்டி, ஒன்பது நாளா உன் வண்டியில சாளையக் காணும். எங்க சோத்துக்காவது கொண்டாந்துரு" என்று முந்தாநாள் சொல்லி அனுப்பியிருந்தாள். சங்கரேஸ்வரியும் தலையை ஆட்டிவிட்டாள்.

வண்டி வந்தது. இசக்கிப்பாண்டி இறங்காமலேயே ஜன்னல் வழியாக ஒரு பையை நீட்டினான். உள்ளே ஏழெட்டு அயிலை மீன்.

"சாளை?"

"இல்லட்டி."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான். விசைப்படகு எல்லாம் தடைக்காலத்துல கட்டிக் கெடக்கு. வள்ளக்காரங்க போறாங்க, வாராங்க. மழை விழுந்து கடல் குளுந்தாதானே கரைக்கு ஏறும்? தண்ணி வெந்நி மாதிரி கெடக்காம். சேட்டன்மாரு தலையில கைய வச்சு உக்காந்திருக்காங்க."

"மதினிக்கு என்ன பதில் சொல்ல?"

"அக்காவுக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

"நீங்க எப்ப அங்கன போறிய?"

அவன் கியரைப் போட்டான். "அந்த வழியாத்தான் போறேன்."

வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலிப்பெட்டிக்குத் தார்ப்பாய் எதற்கு என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. "பின்னால என்ன?" என்றாள்.

"வெறும் பெட்டி. கழுவுன தண்ணி."

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ரெண்டு வாரமாகவே அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கால்வாய்க்குக் கொண்டுபோய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான். தூக்கிப் பார்த்தால் எதையாவது பார்க்கவேண்டியிருக்கும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், அன்று சண்டை போட அவளுக்குச் சக்தியில்லை.

எட்டு அயிலையை வைத்துக்கொண்டு அவள் தெருவுக்குள் போனாள். ஹாரன் சத்தம் கேட்டு ஏனத்தோடு வந்தவர்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்ன சங்கரி, இன்னைக்கும் இல்லையா?"

"இல்லக்கா."

"பிள்ளைக்கு ரெத்தம் கம்மியா இருக்கு, மீனு குடுன்னு நர்ஸம்மா சொல்லுதா. மீனுக்கு எங்க போக? கோழி வாங்கிக்கிடுன்னு எங்க வீட்டு ஆளு சொல்லுது. தெனமும் கோழி வாங்க நம்ம என்ன பண்ணையாரா?"

அவள் வண்டியை உதைத்தாள். அயிலையில் நாலு விற்றது.

பிள்ளையின் தோப்புக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. வயலில் இருபத்திரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அணையில் கிடந்த பாதித் தண்ணீரையும் பம்புசெட்டையும் நம்பித்தான் இந்த வருஷத்து நடவு. இன்னும் ரெண்டு பாத்தி பாக்கி. தென்னைகளுக்கு நடுவே அடுப்பு மூட்டி உலை கொதித்துக்கொண்டிருந்தது. அண்டா கழுவிக் கவிழ்த்திருந்தது. அரைத்த மசாலா ஒரு தூக்குவாளியில் தயாராக இருந்தது. தேங்காயும் சீரகமும் சின்ன உள்ளியும் சேர்த்து அரைத்த வாசம் பசியைக் கிளப்பியது.

தில்லைநாயகம் பிள்ளை நீல டிரம்களுக்கு நடுவே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷமாக இயற்கை விவசாயம். யூரியா போட்டால் மண்ணும் கெடும், காற்றும் சூடாகும் என்று ஒரு பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து, அன்றைக்கே இருந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்தவர். ஊரே சிரித்தது. அவர் அசையவில்லை. சங்கரேஸ்வரிக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

"வா சங்கரி. மீன் கொண்டாந்தியா?"

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நாலு அயிலைதான் இருக்கு. சாளை அங்கனயே இல்லையாம்."

"அப்படியா சொன்னான் இசக்கி?" அவர் துண்டை இறக்கினார். "காலையிலதானே ரெண்டு பெட்டி இறக்கிட்டுப் போனான்?"

"என்ன ரெண்டு பெட்டி?"

"டிரம்முக்கு. மீன் அமிலம் போடுதேன்லா. மீன் கழிவையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு ஊற வச்சு, தண்ணியில கலந்து தெளிச்சா பயிரு கருகருன்னு வருது. ரெண்டு வாரமா உன் வீட்டுக்காரன்தானே கொண்டாந்து போடுதான். உனக்குத் தெரியாதா?"

அவள் போய் ஒரு டிரம்மின் மூடியைத் திறந்தாள். பிள்ளை பழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெல்லப்பாகில் மேலிருந்து கீழ் வரைக்கும் பொடிச்சாளை. அவள் சுண்டுவிரல் நீளம் இருக்கும். தலை, கண், வால் எல்லாம் முழுசாக, கரைந்தும் கரையாமலும் கிடந்தது. அடுத்த டிரம்மும் அப்படித்தான். பம்புசெட் அறைக்குள் ஐஸ் போட்ட ரெண்டு பெட்டி. அதிலும் அதேதான். இன்னும் மினுமினுப்புக்கூடப் போகவில்லை.

பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து நடுவிரலோடு வைத்துப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. கை தானாகச் செய்தது. பதினோரு நாளாகத் தெருத்தெருவாக இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அது அவள் வீட்டு வண்டியிலேயே அவள் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"இது கழிவு இல்ல அண்ணாச்சி."

"கழிவுன்னுதான் சொன்னான்."

"தலையும் வாலுமா இருக்கது எப்படிக் கழிவாவும்? நீங்க பாக்கலையா?"

பிள்ளைக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் எங்கம்மா பார்த்தேன்? மூடியத் தொறந்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவேன். மூச்சப் பிடிச்சுக்கிட்டு வெல்லத்தக் கொட்டிட்டு ஓடிருவேன். அறுபத்தெட்டு வயசுல இன்னைக்கு வரைக்கும் ஒரு மீனைக் கிட்டத்துல பார்த்தது கிடையாது."

அவள் ஒரு தேக்கிலையைப் பறித்து அதில் ரெண்டு பொடியை வைத்தாள். பக்கத்தில் தன் பெட்டியிலிருந்து ஒரு அயிலையை வைத்தாள். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். குழந்தையின் பல்லைப் பார்க்கிறவர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது வேற சாதி மீனோ?"

"பெரிசு அயிலை. இது சாளை. சாளைக்குஞ்சு. விட்டு வச்சா ஐப்பசியில என் கையில பாதி இருக்கும். அத வித்துத்தான் நான் கஞ்சி குடிக்கேன். வாங்கித்தான் அங்கன குனிஞ்சு நிக்கவங்க குழம்பு வைக்காங்க."

"எத்தனை இருக்கும் ஒரு பெட்டியில?"

"எண்ணவா முடியும்?"

கணக்கு வாத்தியார் அந்தப் பெட்டியைப் பார்த்தார். டிரம்களைப் பார்த்தார். ஏழு டிரம். "யூரியாவ விட்டு நாலு வருசம். நல்லதுன்னு நெனச்சுல்லா செஞ்சேன். அப்ப நான் எதைத்தான் போட?"

"வெட்டுத மீனோட தலை, குடலு, செவுளு எல்லாம் நான் தாரேன் அண்ணாச்சி. முழு மீனு எதுக்கு?"

சொல்லிவிட்டாளே தவிர, வெட்டுவதற்கு மீன் வந்தால்தானே தலை வரும்? அது இருவருக்கும் தெரிந்தது.

கடைசிப் பாத்தி முடிந்து குலவைச் சத்தம் கேட்டது. பெண்கள் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு தோப்புக்குள் வந்தார்கள். முப்பிடாதியம்மாள் முன்னால் வந்தாள். அறுபது வயசிலும் இடுப்பு வளையாத ஆள். நேரே பம்புசெட் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இருக்கே! ரெண்டு பெட்டி! இல்லங்குத மாதிரி மூஞ்சிய வச்சிருக்கியே ஏட்டி?"

"இது பொடி மதினி. குழம்புக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"டிரம்முக்கு."

முப்பிடாதி டிரம்மையும் பெட்டியையும் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்களும் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

"பயிருக்கு ஊத்தவா?"

"ஆமா."

"பதினோரு நாளா எங்களுக்கு இல்லன்னுட்டு, நாங்க நட்ட பயிருக்கு இதயா ஊத்துதிய?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியாது முப்பிடாதி" என்றார் மெல்ல.

"சரி, அத விடுங்க. ஏட்டி, அண்டாவத் தூக்கு."

"மதினி, நான் பொடி தொடமாட்டேன். உங்களுக்குத் தெரியாதா?"

"செத்தது திரும்பி நீந்திக் கடலுக்கா போவப்போவுது? டிரம்முல கெடந்து அழுகுததுக்கு எங்க வயித்துலயாவது போவட்டும். விடியக் கருக்கல்ல கஞ்சி குடிச்சது. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு செத்துப்போச்சு. வருசத்துக்கு ஒரு நாளு, அடுத்தவங்க அடுப்புல வெந்த மீன் சோறு. உன் விரலு அளவ வச்சுக்கிட்டு நாங்க தொட்டு நக்கவா?"

சங்கரேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறும் அலுப்புதான் வந்தது. மதினி சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளையும் தப்பான ஆள் இல்லை. இத்தனை நல்ல ஆட்களும் சேர்ந்துதான் அதை டிரம்மில் போட்டிருக்கிறார்கள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பொடியை அரிவாள்மணையில் வைக்க முடியாது. தலையை நகத்தால் கிள்ளி, குடலைப் பெருவிரலால் பிதுக்கி, கல்லுப்பு போட்டு உரசிக் கழுவவேண்டும். நாலு பெண்கள் கூட உட்கார்ந்தார்கள். கிள்ளக் கிள்ளக் குறையவில்லை. கால்மணி நேரத்தில் எல்லார் கையும் வெள்ளிச் செதில் ஒட்டி மின்னியது. ஒருத்தி, "வளையல் போட்ட மாதிரி இருக்கு" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. கிள்ளிய தலைகளையெல்லாம் சங்கரேஸ்வரி ஒரு வாளியில் சேர்த்து, எழுந்து போய்ப் பிள்ளையின் டிரம் பக்கத்தில் வைத்தாள். அவர் வெல்லத்தைத் தொடாமல் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்டாவுக்கு எட்டுக் கிலோ போதும். ரெண்டு பெட்டியிலும் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. தென்னோலையை விரித்து, அவள் கூறு போட ஆரம்பித்தாள். கைநிறைய அள்ளி ஒரு கூறு, அதன்மேல் ஒரு கொசுறு. பதினாலு வருஷத்தில் விலை சொல்லாமல் அவள் கூறு போட்டது அன்றைக்குத்தான். இருபத்திரண்டு கூறு. பெண்கள் ஆளுக்கு ஒன்றாக முந்தியிலும் பாலிதீன் பையிலும் கட்டிக்கொண்டார்கள். சிலர் ரெண்டாவது கூறுக்கும் கை நீட்டினார்கள். அவள் தடுக்கவில்லை.

குழம்பு கொதித்து இறங்கியது. மாங்காய் போட்டிருந்தார்கள். பொடியானதால் ஒரே கொதியில் வெந்துவிட்டது. பிள்ளை வழக்கம்போலத் தோப்பின் அந்தக் கடைசியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பந்தி பாதியில் இருக்கும்போது குட்டியானை வந்து நின்றது. இசக்கிப்பாண்டி காலிப்பெட்டி எடுக்க இறங்கியவன், அடுப்பையும் பெண்டாட்டியையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான்.

"வா தம்பி, உக்காரு" என்றாள் முப்பிடாதி.

சங்கரேஸ்வரி அவனுக்கு இலை போட்டாள். சோறு வைத்தாள். குழம்பை ஊற்றினாள். அவன் தலை நிமிராமல் பிசைந்து தின்றான். காலையிலிருந்து பட்டினி போலிருந்தது. ரெண்டு வாய் உள்ளே போனதும் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"மத்தவங்களும் ஏத்துதாங்கட்டி. நான் ஒருத்தனா? மீதிய கோழித்தீவன மில்லுக்காரன் எடுத்துக்கிடுதான். ரெண்டு மாசம் தொடர்ச்சியா ஓட்டுதியான்னு கேக்கான். இன்னைக்குப் பதில் சொல்லணும். தடைக்காலத்துல வண்டிய நிறுத்திட்டு எதத் திங்க?"

"கோழிக்கா போவுது மிச்சம்?"

"மீன அரைச்சு மாவாக்கி கோழிக்குத்தான்."

காலையில் ஏனத்தோடு நின்றவளின் முகம் அவளுக்கு நினைவு வந்தது. அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அவன் தின்றுகொண்டே, பேச்சை மாற்றுகிறவன் மாதிரி, "நல்லாத்தான் இருக்கு. முள்ளே இல்லையே" என்றான்.

"முள்ளு வைக்க அதுக்கு நாளு குடுத்தியளா?"

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் பந்தி முழுக்கக் கேட்டது. அவன் கை இலையில் நின்றது. சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவன் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தான். வாயில் இருந்ததை விழுங்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இல்ல சார். ரெண்டு மாசத்துக்கு நமக்குத் தோதுப்படாது. வேற வண்டி பாத்துக்கிடுங்க."

போனை வைத்துவிட்டு மீதியையும் தின்றான். இலையில் ஒரு பருக்கையோ ஒரு பொடியோ மிச்சம் வைக்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள். அன்று ராத்திரி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ஆனால் அது சண்டை இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் வளைவில் நின்றாள். அன்றைக்கும் மேகம் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது. முதலில் ஒரு வண்டி இறங்கியது. புது வண்டி, அவளுக்குத் தெரியாத டிரைவர். தார்ப்பாய் இழுத்துக் கட்டி, அடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவளைத் தாண்டிக் கிழக்கே போனது. அந்த வாடையைப் பதினாலு வருஷம் சுமந்தவளுக்கு உள்ளே என்ன என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

அதற்குப் பின்னால் இசக்கிப்பாண்டி வந்தான். இறங்கி, அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"முன்னால போனத பாத்தியா?"

"பாத்தேன்."

"நம்ம ஏத்தலன்னாலும் போவுது."

"போவுதுதான்."

அவன் பையை நீட்டினான். ஒன்பது அயிலை. அவள் பழக்கத்தில் ஒன்றை எடுத்து விரலோடு வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டாள். ஒன்பது மீனுக்கு ஊரைக் கூப்பிட வெட்கமாக இருந்ததால் வடகரைக்குள் ஹாரன் அடிக்காமலேயே போனாள். ஆனாலும் வண்டிச் சத்தத்துக்கே முப்பிடாதியம்மாள் சட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். பெட்டிக்குள் பார்த்தாள். சேலையில் கையைத் துடைத்தாள்.

"ஏட்டி, நேத்து நாங்க அள்ளிக்கிட்டு வந்தோமே, அது வளந்திருந்தா இந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு வந்திருக்கும்?"

சங்கரேஸ்வரி எஞ்சினை அணைத்தாள். ஒரு மீனை எடுத்து மதினியின் சட்டியில் போட்டாள். மீதி எட்டு மீன் கிடந்த பெட்டியை மூடி, அடுத்த வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.